ஐந்தாவது காலுக்கு அத்தாட்சி

மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். உங்கள் நலத்தை என் தங்கை ஞாயிறு தவறாமல் போனில் சொல்லிவிடுவதால் அந்த ஆவல் எனக்கு மிச்சமில்லை. உங்களிடமும் போனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் உங்கள் குரலைக் கேட்க வேண்டியிருக்கும். அதனால் கடிதம். இருபத்தேழு வருஷத்தில் இது முதலாவது.

விஷயம் இதுதான். நீங்கள் சோடாக் கம்பெனியில் பாட்டில் வார்க்கும் அச்சுகளைச் செதுக்கியும், நான் அங்கேயே பாட்டில்களைப் பரிசோதித்தும் பிழைத்த காலத்தில், கம்பெனிச் சின்னமான குதிரையை ஐந்து கால்களோடு செதுக்கினீர்கள். பதினோராயிரம் பாட்டில் வந்த பிறகுதான் அது தெரிந்தது. எல்லாவற்றையும் உடைத்து உலையில் போட்டார்கள். உடைக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கும் கௌரவத்தை எனக்குக் கொடுத்தார்கள். முடிந்ததும் என்னைப் பரிசோதனை மேஜையிலிருந்து கிளப்பி, பாட்டில் மூடிகளின் கிடங்கில் உட்காரவைத்தார்கள். அன்று ஒரே ஒரு பாட்டிலைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தேன். ஆசையால் அல்ல, ஆதாரத்துக்காக. பழைய துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை எடுப்பேன், ஐந்து கால்களையும் எண்ணுவேன், உங்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்வேன், திரும்ப வைத்துவிடுவேன்.

போன வாரம் குளியலறைக் கூரை ஒழுகுகிறதென்று குழாய் ரிப்பேர்காரரை அழைத்தேன். ஏணி போட இடமில்லாமல் பெட்டியை நகர்த்தினார். மூடி திறந்தது, துண்டு விலகியது. மனிதர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சார், அஞ்சு கால் குதிரை சார்!"

"தெரியும். அதாலதான் என் பரிசோதகர் வேலை போச்சு."

"வேலை போனா போகட்டும் சார். இது உலகத்துலயே ரெண்டுதான் இருக்கு. இன்னொண்ணு கடல் தாண்டி ஒருத்தர்கிட்ட இருக்கு, அதுவும் வாய் உடைஞ்சது. நீங்க என்னடான்னா துண்டுல சுத்தி வெச்சிருக்கீங்க!"

"வேற எதுல சுத்தணும்?"

"ஒரே ஒரு தடவை தொட்டுக்கட்டுமா?" என்று கேட்டவர், நான் பதில் சொல்வதற்குள் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார்.

பழம்பாட்டில் சேகரிப்போர் சங்கம் என்று ஒன்று இருக்கிறதாம். அவர் அதில் உறுப்பினராம். அவர் சொன்ன விலையைக் கேட்டு நானும் அவருக்குப் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்தேன். குளியலறைக் கூரை என்ன, வீட்டுக் கூரை முழுவதையும் மாற்றலாம் மாப்பிள்ளை!

ஒரே ஒரு தடை. பிற்காலத்தில் யாரோ வேடிக்கைக்குச் செய்த போலி அல்ல, அசல் தவறுதான் என்று அச்சைச் செதுக்கியவர் கைப்பட எழுதித் தர வேண்டும். 'குதிரைக்குத் தவறுதலாக ஐந்து கால் செதுக்கியது நான்தான்' என்ற ஒரு வரி போதும். இருபத்தேழு வருஷமாக நான் உங்களிடம் எதிர்பார்க்கும் வரியும் அதுவாகவே இருப்பது தற்செயல்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்


மார்ச் 9

மச்சானுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ காலமாகிவிட்டார்கள் என்று நினைத்து, உங்கள் தங்கையை உட்காரவைத்துவிட்டுத்தான் பிரித்தேன். குதிரை விஷயம் என்று தெரிந்ததும், "அது இன்னும் சாகலையா?" என்று எழுந்து போய்விட்டாள்.

நான் செதுக்கியது நான்கு கால். அன்றும் அதைத்தான் சொன்னேன். அச்சு என் பட்டறையை விட்டுப் போன பிறகு உலைக்காரர்கள் கையில் என்ன ஆனதோ, யார் கண்டது? வார்ப்பில் கசடு ஒட்டியிருக்கும். தள்ளி நின்று பார்த்தால் கால் மாதிரி இருந்திருக்கும்.

இன்னொன்று. குதிரையின் காலை எண்ணுவதற்கென்றே அந்தக் கம்பெனி ஒருவருக்கு மேஜை, விளக்கு, சுழல் நாற்காலி எல்லாம் கொடுத்துச் சம்பளமும் கொடுத்து வைத்திருந்தது. அவரை விட்டுவிட்டு என்னைக் கேட்கிறீர்கள்.

இப்போது நான் பெயர்ப்பலகையும் பரிசுக் கோப்பையும் செதுக்கும் கடை வைத்திருக்கிறேன். என் கை தவறியதாகச் சொல்பவர் இந்த ஊரில் ஒருவர் இல்லை. இந்த வயதில் 'தவறினேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தால் அது எங்கே போய் நிற்கும்?

அந்த விலையை நீங்கள் எழுதவில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தங்கள்,
உளிக்காரன்


மார்ச் 14

மாப்பிள்ளைக்கு,

சங்கச் செயலாளர் நேரிலேயே வந்துவிட்டார்! தொழிலில் பல் மருத்துவர். பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியைப் பாட்டில் வாய்க்குள் விட்டு உள்பக்கமெல்லாம் பார்த்தார். பாட்டிலை 'ஆ' காட்டச் சொல்லாததுதான் குறை.

"ஒரு கீறல் இல்ல, மங்கல் இல்ல. எப்படி சார் பாதுகாத்தீங்க?"

"கோபத்துல, டாக்டர்."

"நல்ல முறைதான். எங்க ஆளுங்க ஆசைல எடுத்து எடுத்துப் பார்த்தே தேச்சிடறாங்க."

குழாய்க்காரர் சொன்ன விலை குழந்தைத்தனமானது என்று தெரிந்தது. செயலாளர் கணக்குப்படி என் ஓய்வூதியத்தில் ஆறு வருஷம். ஆறு! முந்தின வரியில் நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். இருக்கிறது.

ஏலம் ஏப்ரல் 15. அதற்கு மூன்று நாள் முன்பாக, இத்துடன் வைத்திருக்கும் படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். மூன்று கேள்விகள். தவறைச் செய்தவர் யார், எப்படிச் செய்தார்? பரிசோதனையில் அது எப்படித் தப்பியது? முதலில் கண்டுபிடித்தவர் யார்? மூன்றில் ஒன்று காலியாக இருந்தாலும் பாட்டில் மேடை ஏறாது.

கசடு என்கிறீர்கள். இந்தக் கசடுக்கு முழங்கால் இருக்கிறது, குளம்பு இருக்கிறது, குளம்பில் லாடமும் அடித்திருக்கிறது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். தான் செதுக்கிய குதிரைக்கு நான்கே கால் என்று சாதிப்பவரை நம் குடும்பத்தில்தான் பார்க்கிறேன்.

வருவதில் பாதி என் தங்கைக்கு. உங்களுக்கு என்று எழுதவில்லை, கவனிக்கவும்.

மைத்துனன்


மார்ச் 21

அன்புள்ள மச்சானுக்கு,

'ஆறு வருஷம்' என்ற இடத்தை உங்கள் தங்கை என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். மூன்றாவது முறை நானாகவே படித்தேன்.

அன்று முழுக்க யோசித்தேன். ஓர் உண்மை புலப்பட்டது. ஓடுகிற குதிரைக்கு எத்தனை கால்? பிடித்துக் கட்டிப்போட்டு எண்ணுபவனுக்கு நான்கு. ஓடும்போது பார்க்கிறவன் கண்ணுக்கு? அந்த வேகத்தைக் காட்டத்தான் மச்சான் ஐந்தாவது காலை நான் வேண்டுமென்றே செதுக்கினேன்! இது இத்தனை நாள் எனக்கே தெரியாமல் இருந்தது. அதைப் புரிந்துகொள்ளும் கண் அந்தக் கம்பெனியில் அன்று இல்லை. உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

'ஐந்தாம் கால்: ஒரு கலைஞனின் பார்வை' என்று பதினோரு பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன். என் வாலிபப் படம் ஒன்றும் இருக்கிறது. சங்கம் அச்சிடுவதானால் இடப்பக்க முகம் தெரியும்படி போடச் சொல்லவும்.

முடிதிருத்துபவரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாளே தெருவில் இரண்டு பேர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நேற்று ஓட்டப்பந்தயக் கோப்பை செய்ய வந்தவரிடம், "வீரருக்கு எத்தனை கால் வைக்கலாம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஆர்டரை வாபஸ் வாங்கிக்கொண்டார். கலையென்றால் அப்படித்தான்.

மூன்றாவது கேள்வி கலைக்குப் பொருந்தாது. அதை விட்டுவிட்டேன்.

கலைஞன்


மார்ச் 25

மாப்பிள்ளை,

என்ன காரியம் செய்தீர்கள்! உங்கள் பதினோரு பக்கத்தைச் செயலாளர் படித்தார். நான்காம் பக்கத்தில் முகம் வெளுத்தது.

"வேணும்னே செஞ்சதா? அப்ப இது வெறும் அலங்காரப் பாட்டில் சார். பூ வெக்கலாம்."

"டாக்டர், அவர் வேணும்னே ஒண்ணும் செய்ய மாட்டார். எனக்கு நல்லாத் தெரியும்."

"அதை அவர் எழுதணும்."

புரிகிறதா? சங்கத்தின் விதிப்படி தவறுக்குத்தான் விலை, திறமைக்கு இல்லை. உலகம் தோன்றிய நாளாக முதன்முறையாக ஒரு மனிதனுடைய தவறுக்கு ஆறு வருஷப் பணம் தரத் தயாராக இருக்கிறார்கள். நம் குடும்பத்துக்கு வாய்த்த மாப்பிள்ளை, தான் தவறவே இல்லை என்கிறார். கெஞ்சிக் கேட்கிறேன், தயவுசெய்து தவறியிருங்கள். கட்டுரையை, காய்ச்சலில் எழுதியது என்று சொல்லித் திரும்ப வாங்கி வைத்திருக்கிறேன்.

வாய் உடைந்த பாட்டிலின் சொந்தக்காரர் கடல் தாண்டி வருகிறார்! விமானத்தில் இடம் போட்டுவிட்டாராம். ஒரு சோடா பாட்டிலுக்காக ஒருவர் விமானம் ஏறுகிறார், நீங்கள் பேனா எடுக்க மாட்டேன் என்கிறீர்கள்.

மூன்றாவது கேள்வியில் என்ன கூச்சம்? மேலாளரிடம் போய்ச் சொன்னவர் நீங்கள்தானே. முந்திக்கொண்டு சொன்னதால் உங்கள் வேலை தப்பியது, என் வேலை போனது. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். எழுதிவிடுங்கள். இப்போது அதற்கும் விலை இருக்கிறது.

மைத்துனன்


மார்ச் 30

மச்சானுக்கு,

நாலு தாள் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

தவறு என்னுடையது.

முதலில் செதுக்கிய முன்னங்கால் விறைப்பாக, மேஜைக் கால் மாதிரி வந்துவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்திலேயே மடங்கிய கால் ஒன்றைப் புதிதாகச் செதுக்கினேன். அது உயிரோடு வந்தது. பழைய காலைப் பித்தளை உருக்கி அடைத்து அரத்தால் ராவிச் சமன் செய்திருந்தால் கதை முடிந்தது. அரை நாள் வேலை. ஆனால் மறுநாள் காலை எனக்குக் கல்யாணம். பெண் உங்கள் தங்கை, நினைவிருக்கும். அச்சின் மேல் சாக்கட்டியால் 'பொறுக்கவும்' என்று எழுதிவைத்துவிட்டு ஓடினேன். சாக்கட்டி எழுத்து எத்தனை நாள் நிற்கும்? பத்தாம் நாள் வேலைக்குத் திரும்பினால் முற்றம் முழுக்க அடுக்கடுக்காக என் குதிரை நிற்கிறது. பழைய காலை யாராவது அடைத்திருப்பார்கள் என்று நம்பி, ஒன்றைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை.

இதை நான் அன்று சொல்லவில்லை. 'கல்யாண அவசரம்' என்று வாயைத் திறந்தால் எல்லோரும் முதலில் கல்யாணப் பெண்ணைத்தான் பார்ப்பார்கள். வந்து பத்து நாள்கூட ஆகாதவளுக்கு அந்தப் பேச்சு எதற்கு? பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு, சொல்லாமல் இருந்ததே பெரிய விஷயமாகிவிட்டது.

முதல் கேள்விக்குப் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டாவது உங்களுடையது. மூன்றாவதற்கு 'தெரியவில்லை' என்று போட்டுவிடுங்கள். இதை ஓர் உதவியாகக் கேட்கிறேன்.

தங்கள்


ஏப்ரல் 4

மாப்பிள்ளைக்கு,

'தவறு என்னுடையது.' இந்த வரியைப் படித்ததும் என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று இருபத்தேழு வருஷமாகத் திட்டம் வைத்திருந்தேன். ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு அச்சிலிருந்தும் வரும் முதல் பாட்டிலை விளக்குக்கு எதிரே பிடித்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு, மாதிரி அட்டையில் கையெழுத்திட வேண்டும். விசாரணையில், கண்ணாடி தடிமனாக இருந்ததால் கால் மங்கலாகத் தெரிந்தது என்று சொன்னேன். உங்களிடமும் அதைத்தான் சொன்னேன். உண்மையில் அந்தப் பாட்டிலை நான் பார்க்கவே இல்லை. தங்கை கல்யாண வேலைக்காகப் பத்து நாள் விடுப்பு. உலை நின்றுவிடக் கூடாதே என்று பத்து அட்டைகளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனேன். உங்கள் குதிரை என்னிடம் 'சரியாக உள்ளது' என்று சான்று வாங்கிய நேரத்தில் நான் கல்யாண வாசலில் உங்கள் பெரியப்பாவை வரவேற்றுக்கொண்டிருந்தேன். புகைப்படமே இருக்கிறது. அதில் மேலாளரும் பக்கத்தில் நிற்கிறார். தோண்டினால் அவரும் மாட்டுவார், விசாரணை சீக்கிரம் முடிந்ததற்கு அதுதான் காரணம்.

இதைப் படிவத்தில் அப்படியே எழுதினேன். செயலாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ரெண்டு பேருமே ஒரே கல்யாணத்துலயா? அருமை சார், அருமை! இதுக்கே தனியா ரெண்டு வருஷம் போட்டுக்கலாம்!"

எட்டு வருஷம் மாப்பிள்ளை! நாம் யோக்கியமாக இருந்திருந்தால் பத்துக் காசு பெறாது.

ஆனால் 'தெரியவில்லை' செல்லாதாம். இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. உங்கள் பெயரை நானே எழுதிவிடப் போகிறேன். அன்று மேலாளர் என்னைக் கூப்பிட்டபோது அவர் அறையிலிருந்து நீங்கள் வெளியே வந்ததை என் இரண்டு கண்ணால் பார்த்தேன். அந்த ஒன்றையாவது நான் ஒழுங்காகப் பார்த்தேன்.

மைத்துனன்


ஏப்ரல் 8

மச்சான்,

என் பெயரை எழுதாதீர்கள். அது பொய்.

நான் வெளியே வந்தது உண்மை. உள்ளே எதற்குப் போனேன் என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று மதியம் உங்கள் தங்கை எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். தொழிற்சாலையை முதன்முதலாகப் பார்க்கிறாள். மேலாளர் முற்றத்தில் நின்று லாரியில் சரக்கு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டி, "பாரும்மா, உன் வீட்டுக்காரர் கைவேலை" என்றார். அவள் வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"ஏங்க, குதிரைக்கு அஞ்சு கால் இருக்கே!"

சிரித்துக்கொண்டே சொன்னாள். லாரிச் சத்தத்தில் எங்கள் மூன்று பேருக்குத்தான் கேட்டது. மேலாளர் சிரிக்கவில்லை. நேராகத் தன் அறைக்குப் போனார். பின்னாலேயே ஓடினேன். யார் சொன்னது என்று கேட்டால் நான் சொன்னதாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். "அது உங்க குடும்ப விஷயம்" என்று தலையாட்டினார். வெளியே வந்தேன், நீங்கள் எதிரே வந்தீர்கள்.

ஆபீஸில் காலையிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், நீ புதிதாக ஒன்றும் சொல்லவில்லை என்று அவளிடம் சொல்லிவைத்தேன். அண்ணன் வேலை போனது தன் ஒரு வார்த்தையால் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். தங்கை மேல் உங்களுக்கு மனம் கசந்துபோனால் அவள் ஞாயிற்றுக்கிழமை யாரோடு பேசுவாள்? அந்தக் கோபம் என் மேலேயே இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்று இருந்துவிட்டேன். அதனால்தான் உங்கள் முதல் கடிதத்துக்கு நாலு கால் என்று சாதித்தேன். கதையை ஒரு முனையில் பிரித்தால் இங்கே வந்துதான் நிற்கும்.

இனி முடிவு உங்களுடையது. எழுதினால் எட்டு வருஷம். எழுதாவிட்டால் பூ வைக்கலாம். எனக்கு இரண்டும் சம்மதம். அவளிடம் மட்டும் கோபப்படாதீர்கள்.

தங்கள்


ஏப்ரல் 17

மாப்பிள்ளைக்கு,

கடைசி நாள் மதியம்வரை மூன்றாவது வரி காலியாகவே இருந்தது. செயலாளர் நாலு முறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை. குழாய்க்காரர் கூரையைப் பார்க்கும் சாக்கில் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். செதுக்கியவர் பார்க்கவில்லை. பரிசோதகர் பார்க்கவில்லை. உலைக்காரர்கள், கழுவியவர்கள், அடுக்கியவர்கள், கையில் எடுத்துக் காட்டிய மேலாளர், ஒருவரும் பார்க்கவில்லை. பதினோராயிரம் குதிரைகள் அத்தனை கண்களுக்கு முன்னால் ஐந்து காலில் நடந்து போயிருக்கின்றன. அந்தக் கம்பெனியில் அன்று என் வேலையை ஒழுங்காகச் செய்தது சாப்பாடு கொண்டுவந்த ஒரு பெண். அதுவும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்திருக்கிறாள். அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

அவள் பெயரை எழுதினேன். பக்கத்தில் 'பரிசோதகரின் தங்கை' என்றும் எழுதினேன். எழுதும்போது பெருமையாக இருந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

ஏலத்தில் படிவத்தை உரக்கப் படித்தார்கள். உங்கள் சாக்கட்டிக்குச் சிரித்தார்கள். என் பத்து அட்டைக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். என் வாழ்நாளில் நான் செய்த எந்த வேலைக்கும் அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை. மூன்றாவது பதிலை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்கள். பிறகு கடல் தாண்டி வந்தவரும் முன் வரிசையில் ஓர் அம்மாளும் மாறி மாறிக் கையைத் தூக்கினார்கள். ஏழு, எட்டு, ஒன்பது! குழாய்க்காரர் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டார். செயலாளர் என் கையைப் பிடித்த பிடியில் இன்னும் வலிக்கிறது. அம்மாள்தான் ஜெயித்தார். பதினோரு வருஷம் மாப்பிள்ளை! பதினோரு வருஷ ஓய்வூதியம்! அதை ஓய்வூதியமாகவே வாங்குவதென்றால் அத்தனை நாள் நான் உயிரோடு இருக்க வேண்டும். அந்தச் சிரமம் மிச்சம்.

பாட்டிலை அவர் வெல்வெட் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. துண்டைத் துவைத்துப் போட்டிருக்கிறேன்.

சங்க இதழ் அடுத்த மாதம் வரும், அவள் பெயரோடு. அதற்குள் அவளிடம் சொல்லியாக வேண்டும். நீங்கள் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னால் மன்னிப்புக் கேட்பது மாதிரி இருக்கும். அவள் அழுவாள். நான் சொன்னால், ஒரு பரிசோதகர் இன்னொரு பரிசோதகரைப் பாராட்டுவது மாதிரி இருக்கும். அவளுக்குச் சேர வேண்டிய பாதியையும் அப்போதே கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். நிலையத்துக்கு நீங்கள் வர வேண்டாம். நாம் இரண்டு பேரும், யார் முதலில் பேசுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்போம். திரும்பிப் போகிற வண்டியும் வந்துவிடும். அவளை அனுப்புங்கள். கண்ணில் பட்டதை உடனே வாய்விட்டுச் சொல்லிவிடுவாள்.

அன்புடன்,
மச்சான்